கடதாசியார் வீட்டுக் கலியாணம்

மட்டக்களப்புக்குப் போகும் பகல் ரயிலில் எனக்கு எதிரே இருந்த சிங்களப் பெண்மணி, மாகோ ஸ்டேஷன் தாண்டியதும் சோற்றுப் பார்சலை அவிழ்த்துப் பாதியை என் பக்கம் தள்ளினார். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கருவாட்டுப் பொரியல். நான் வேண்டாம் என்றேன். "வயசான மனிதர் வெறும் வயிற்றோடு பார்த்துக்கொண்டிருக்க எனக்கு எப்படி இறங்கும்?" என்றார். சாப்பிட்டுக்கொண்டே ஊரில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தார். மகள் என்றேன். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்றார். என் சிங்களத்தில் எண்கள் இருபதோடு முடிந்துவிடும். அதனால் "நிறைய நாள்" என்று சொல்லிச் சமாளித்தேன். சரியான விடை இருபத்தொன்பது வருடம்.

நான் கல்முனையில் பிறந்தவன். மட்டக்களப்பில் இங்கிலீஷ் படித்தேன். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு மலாயாவுக்குப் போய் ஒரு துறைமுக அலுவலகத்தில் எழுதுவினைஞனாகச் சேர்ந்தேன். அதே அலுவலகத்தில் மேலதிகாரிகளில் ஒருவனாக ஓய்வு பெற்றேன். போகும்போது மனைவியையும் ஐந்து வயது மகளையும் ஊரில் விட்டுப் போனேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. கலியாணம் செய்தவன் அவள் வீட்டுக்குப் போய் இருப்பான். வீட்டை விட்டு வரமாட்டேன் என்று மனைவி சொன்னாள். அதை நான் சாட்டாக எடுத்துக்கொண்டேன். ஐம்பத்திரண்டில் ஒரு மாத லீவில் வந்தேன். பிறகு வரவில்லை. வேறு பெண் யாரும் இல்லை. வேலைதான். மனைவி இறந்த தந்தி வந்தபோதுகூட, அடக்கம் முடிந்திருக்கும், இனிப் போய் என்ன செய்வது என்று எனக்கே நியாயம் சொல்லிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன்.

ஓய்வு பெற்ற பிறகு எங்கள் வட்டாரத்துக் கிழவர்களின் மாலை நடையில் ஒரே பேச்சாக இருந்தது: நமக்குப் பின் என்ன நிற்கும்? ஒருவர் தன் ஊரில் மருந்தகம் கட்டினார். இன்னொருவர் பள்ளிக்கூடத்துக்கு மண்டபம் கட்டினார். முப்பத்திரண்டு வருடம் உழைத்து நான் விட்டுவந்த நாற்காலிக்கு வந்தவரை ஒருநாள் கடைத்தெருவில் கண்டேன். என் பெயரை நினைவுபடுத்த அவர் பட்ட பாடு எனக்கே பாவமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மகள் ஆசியா உம்மாவின் கடிதம் வந்தது. அவளுடைய மகள் பௌசியாவுக்கு அறுவடை முடிந்ததும் நிக்காஹ். பௌசியாவின் தகப்பன், என் மருமகன், எழுபத்தெட்டுச் சூறாவளியில் சுவர் விழுந்து இறந்துபோனவர். அவரை நான் பார்த்ததே இல்லை.

இரண்டு காரியங்களை மனதில் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். ஒன்று, ஊரில் என் பெயரில் ஒரு வாசிகசாலை. மற்றது, பேத்திக்கு வொலியாக இருப்பது. வொலி என்பவர், நிக்காஹ் நடத்திவைக்கும் லெவ்வையின் முன்னால், சபையில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, இந்தப் பெண்ணை உமக்கு மணமுடித்துத் தந்தேன் என்று சொல்பவர். தகப்பனின் வேலை அது. என் மகளின் கலியாணத்தில் நான் அதைச் செய்யவில்லை. தகப்பன் இல்லாத பேத்திக்காவது செய்துவிட வேண்டும் என்று நினைத்தேன். உண்மையில் வாசிகசாலையைவிட இதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

அடுத்த நாள் காலை மட்டக்களப்பில் கல்முனை பஸ் ஏறினேன். தயிர்ச் சட்டிகள், நெசவுச் சாரன் மூட்டைகள், காலைக் கட்டிய கோழிகள், இவற்றுக்கிடையில் கொஞ்சம் மனிதர்கள். கல்லாற்றுப் பாலத்துக்கு முன்னால் பின் டயர் வெடித்தது. மாற்று டயர் அக்கரைப்பற்றிலிருந்து வரும் பஸ்ஸில் இருக்கிறதாம். "இறங்குங்க எல்லாரும். காத்து வாங்க இதவிட நல்ல இடம் இல்ல," என்றார் கொண்டக்டர். நான் இருந்த ஊரில் பத்து நிமிடம் பிந்தினால் முறைப்பாட்டுப் புத்தகம் கேட்பார்கள். இங்கே எல்லோரும் விருந்துக்கு வந்தவர்கள்போல இறங்கி, வாவிக்கரைத் தேநீர்க் கடையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

எனக்குப் பக்கத்தில் பிளேன்ரீ குடித்தவர் மருதமுனைச் சாரன் வியாபாரி. நாற்பதுக்கு இந்தப் பக்கம் வயது.

"ஹாஜியார் எவடத்த போறீங்க?"

நான் ஹஜ்ஜுக்குப் போனவனில்லை. அதைத் திருத்தவில்லை. "கல்முனைக்கு. ஒரு கலியாணம். ஆசியா உம்மாட மகள் பௌசியாக்கு."

"எந்த ஆசியா உம்மா?" என்று யோசித்தார். "கடக்கரை ரோட்டா? புருசன் சூறாவளில மவுத்தான பொம்புள?"

"ஓம்."

"அட, கடதாசியார் வீடெண்டு சொல்லுங்களன். ஆசியா உம்மா எண்டா ஊர்ல நூறு பேர் இரிக்கிற."

எங்கள் ஊர்களில் பட்டப்பெயர் இல்லாத குடும்பம் குறைவு. ஒருவருக்கு வைத்தது அவர் பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் இந்தப் பெயரை நான் கேட்டதில்லை. அது எப்படி வந்தது என்று கேட்டேன்.

"அவட வாப்பாக்கு மலாயாவுல பெரிய உத்தியோகம். மகள்ட கலியாணத்துக்கு வொலிகாரன் வரணுமே. ஆள் வரல்ல. கடதாசி வந்திச்சு." வியாபாரி கோப்பையைக் கீழே வைத்தார். பலமுறை சொல்லிப் பழகிய கதை என்று தெரிந்தது. "நானும் சோத்துக்குப் போயிருந்தன். லெவ்வை சபையில கடதாசியத் திறக்காரு, முழுக்க இங்கிலீசு. தபால் கந்தோர் மாஸ்டரக் கூட்டி வர ஆள் ஓடிச்சு. அவர் வந்து நிண்டுகிட்டு தமிழ்ல மாத்தி வாசிக்காரு. 'இலக்கம் இன்னது. தங்கள் கடிதம் தொடர்பாக. மேற்படி பொம்புளைய மேற்படி மாப்பிளைக்கு முடிச்சிக் குடுக்க மேற்படி லெவ்வைக்கு இத்தால் அதிகாரம் அளிக்கப்படுகிறது.' பின்னுக்கிருந்த ஒருத்தன் கேக்கான், 'மேற்படி சோறு எப்ப வரும் மச்சான்?'"

தேநீர்க் கடையே சிரித்தது. கொண்டக்டர் தொடையில் தட்டிக்கொண்டார்.

"இரிங்க, முடியல்ல. கடைசியில 'தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்' எண்டு ஒப்பம். லெவ்வை தாடியத் தடவிக்கிட்டுச் சொன்னாரு, 'மலாயாவுல எனக்கு ஒரு ஊழியன் இரிக்கான் எண்டு இண்டைக்குத்தான் தெரியும்' எண்டு."

நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருந்தால் என்னைக் கண்டுபிடித்திருப்பார்கள்.

"அந்த மனிசன் இப்ப இரிக்காரா?" என்று கேட்டேன்.

"எங்க? மவுத்தாப் போயிருப்பாரு."

அந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை. அலுவலகத் தட்டெழுத்தாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தனக்குத் தெரிந்த முறையில் அடித்துக் கொண்டுவந்தார். ஒரு பிழைகூட இல்லை. கையெழுத்துப் போட்டேன். அந்த வாரம் புதிய இறங்குதுறை ஒன்றைத் திறக்கவிருந்தோம். லீவு கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. விழாவில் பெரிய மனிதர்கள் பக்கத்தில் நிற்க எனக்கு ஆசையாக இருந்தது.

டயர் வந்து, பஸ் கல்முனைக்குப் போய்ச் சேரப் பகல் தாண்டிவிட்டது. சந்தியில் தெருக்கள் எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு தட்டுக் கடைகள் முளைத்திருந்தன. பழைய மரங்களைச் சூறாவளி கொண்டுபோயிருந்தது. மருமகனின் பெயரைச் சொல்லி ஒரு சைக்கிள்காரரிடம் வழி கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. நெற்றியைச் சுருக்கி, "கடதாசியார் வீடா?" என்றார்.

"ஓம்," என்றேன்.

ஆசியா உம்மா படலையடிக்கு வந்தாள். நாற்பது வயது. முக்காட்டுக்குள்ளே என் தாயின் முகம். "வாங்க வாப்பா," என்று பையை வாங்கிக்கொண்டாள். அழவில்லை. நான் அழுவதற்கு ஆயத்தமாக வந்திருந்தேன், எனக்கும் வரவில்லை. விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் பூப்போட்ட பீங்கான் தட்டில் சோறு போட்டாள். பாரைமீன் ஆணம், வாழைக்காய்ப் பொரியல், கட்டித் தயிர். ஆணத்தை ஊற்றப் போனவள் அகப்பையை நிறுத்தினாள்.

"உறைப்புத் தின்பீங்களா வாப்பா?"

தகப்பன் உறைப்புத் தின்பானா என்பது நாற்பது வயது மகளுக்குத் தெரியாது. தின்பேன் என்றேன். அவ்வளவு உறைப்புக்கு என் நாக்கு பழக்கம் விட்டுப்போயிருந்தது. தண்ணீர் குடிக்காமல் தின்று முடித்தேன்.

பௌசியாவுக்கு மட்டும் என்னிடம் எந்தத் தயக்கமும் இல்லை. "மூத்தாப்பா, கப்பலுக்குள்ள கட்டில் இரிக்காமே?" என்று கதவுக்குப் பின்னால் இருந்து கேட்டாள். கட்டில், குசினி, ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கிறது என்றேன். "அப்ப ஏன் வரல்ல?" என்றாள். ஆசியா உம்மா உள்ளேயிருந்து அவளைக் கூப்பிட்டுக்கொண்டாள்.

மூன்றாம் நாள் எங்கள் குடியின் மரைக்காரைப் பார்க்கப் பள்ளிவாசலுக்குப் போனேன். ஒவ்வொரு தாய்வழிக் குடிக்கும் ஒரு மரைக்கார் உண்டு. பள்ளிக் காரியங்களை அவர்கள் சேர்ந்து பார்ப்பார்கள். எங்கள் மரைக்கார் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். என்னைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டார், பட்டப்பெயரை வாயில் எடுக்கவில்லை. வாசிகசாலை விஷயம் பத்து நிமிடத்தில் முடிந்தது. இடம் இருக்கிறது, கட்டுங்கள், பெயர் போடுவதில் தடையில்லை என்றார். இத்தனை நாள் நெஞ்சில் சுமந்த காரியம் அத்தனை இலகுவாக முடிந்ததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

அந்தக் கட்டடம் இன்று நிற்கிறது. வாசலில் என் பெயர் இருக்கிறது. பத்திரிகை வாசிக்க ஆட்கள் வருகிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். அதைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை.

பிறகு மற்றதைச் சொன்னேன். "பௌசியாக்கு நான்தான் வொலியா நிக்கணும்."

மரைக்கார் வெற்றிலையைப் பாதி மடிப்பில் நிறுத்தினார். "மகள்ட மகளுக்கா?"

"ஓம். அவட வாப்பா இல்லயே."

"வாப்பா இல்லாட்டி வாப்பாட பக்கத்து ஆம்புள நிப்பான். உம்மாட வாப்பாக்கு அதில இடம் இல்ல." என் முகத்தைப் பார்த்தார். "ஒங்களுக்குத் தெரியாதா இது?"

தெரியாது. எந்தக் கப்பலில் எந்தச் சரக்கை எந்த வரிசையில் இறக்க வேண்டும் என்ற விதிகள் எனக்கு மனப்பாடம். மீன் விற்கும் பெண்ணுக்கும் தெரிந்த இந்த விதி எனக்குத் தெரியவில்லை.

"சீதனமா வீடு குடுக்கிற, பிள்ளைக்குக் குடி சொல்ற, எல்லாம் உம்மா வழிதான். இது மட்டும் வாப்பா வழி," என்றார் மரைக்கார். வெற்றிலையை மடித்து முடித்துவிட்டு, மெதுவாக, "ஒங்களுக்கு அந்த உரிமை ஒருக்கா இரிந்திச்சு. மகளுக்கு," என்றார். அவர் குத்திக் காட்டவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

வொலி யார் என்று விசாரித்தேன். பௌசியாவின் தகப்பனுடைய தம்பி, ஆதம்பாவா. அண்ணனைக் காக்கா என்பது எங்கள் வழக்கு; காக்காவின் இடத்தில் அவர்தான் நிற்க வேண்டும். உழவு இயந்திரம் ஓட்டுபவர்.

நான்காம் நாள் அவரைத் தேடி மாவடிப்பள்ளிக்குப் போனேன். வயல் நடுவே சூட்டுக் களத்தில் கதிர்களை வட்டமாகப் பரப்பி, அதன்மேல் அவர் இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தார். வைக்கோல் தூசியில் தலை, மீசை எல்லாம் மஞ்சள். நான் யார் என்று சொன்னதும் இயந்திரத்தை நிறுத்திக் குதித்து, கையைச் சாரனில் இரண்டு தடவை துடைத்துவிட்டு ஸலாம் கொடுத்தார். முப்பத்தைந்து வயதிருக்கும்.

"மாமா இந்த வெயிலுக்க ஏன் வந்தீங்க? சொல்லி விட்டா நான் வந்திரிப்பனே."

களத்து ஓரத்தில் சாக்கை விரித்து இருத்தி, போத்தலில் இருந்த தேநீரை மூடியில் ஊற்றித் தந்தார். மரைக்கார் சொன்னதைச் சொன்னேன். எனக்கு இடமில்லை என்று தெரிந்தும் வந்தேன் என்று ஒளிக்காமல் சொன்னேன்.

ஆதம்பாவாவின் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்க வந்தது அல்லாஹ்ட காவல் மாமா. எனக்கு நாலு நாளா நித்திரை இல்ல. லெவ்வை சொல்லித் தந்த வசனம் வாய்க்குள்ள நிக்குதில்ல. வயலுக்க சொன்னா வருது, ஆள் முன்னுக்கு வருகுதில்ல. நேத்து என்ட மனிசிய மாப்பிளயா இரித்திச் சொல்லிப் பார்த்தன். அவ சிரிச்சே கெடுத்திட்டா."

"மறுகா? என்ன செய்யப் போறீங்க?"

"நான் ஒங்களுக்கு வக்காலத்துத் தாறன். வொலிகாரன் இன்னொருத்தருக்குப் பொறுப்புக் குடுக்கலாம், லெவ்வையிட்டயும் கேட்டிட்டன். நீங்க படிச்ச மனிசன். மாப்பிளட கையப் புடிச்சி நீங்களே சொல்லுங்க."

திரும்பி வரும்போது வெயில் எனக்குத் தெரியவில்லை. காரைதீவுச் சந்தியில் இறங்கி எருமைத் தயிரும் சீனியும் வாங்கித் தின்றேன். ஒரு சட்டி முழுவதும். இருபத்தொரு வருடத்துக்கு முன் தவறவிட்ட இடத்தில், வேறு வழியாகவேனும், போய் உட்காரப் போகிறேன் என்று இருந்தது.

பொழுதுபடும் நேரம் ஆசியா உம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று சொன்னேன். அவள் துருவுவதை நிறுத்தவில்லை. அந்தப் பாதி முடிந்ததும் சிரட்டையை வைத்துவிட்டு, "வேணாம் வாப்பா," என்றாள்.

"மார்க்கத்துல கூடுமாம். ஆதம்பாவாவே கேட்டிட்டான்."

"கூடும். என்ட கலியாணமும் கூடினதுதானே." மற்றப் பாதியை எடுத்தாள், துருவவில்லை. "அண்டைக்கு எனக்குக் கவலை இல்ல வாப்பா. திரைக்குப் பின்னால இருந்து கேட்டுக்கிட்டிருந்தன். ஒங்கட பேர் அச்சடிச்ச கடதாசி. இலக்கமெல்லாம் போட்டு. என்ட வாப்பா எவ்வளவு பெரிய ஆள் எண்டு பெருமையா இரிந்திச்சு. உம்மாதான் அழுதா. ஏன் அழுறா எண்டு எனக்கு விளங்கல்ல. எனக்குப் பிள்ளை பிறந்து, அவட வாப்பா அவளத் தூக்கிட்டுத் திரியக்குள்ளதான் விளங்கிச்சு."

நான் வாசல்படியில் உட்கார்ந்தேன்.

"மாப்பிளட கையப் புடிச்சது லெவ்வை. கடதாசிக்குக் கை இல்லயே."

"இப்ப நான் வந்திரிக்கனே மகள்."

"ஓம், வந்திரிக்கீங்க. இரிங்க. சபையில முன்னுக்கு இரிங்க. ஆனா இந்த வீட்டு வொலிகாரன் கை மாத்தித்தான் குடுப்பான் எண்டு நாளைக்கு ஊர் கதைக்கும். நான் கடதாசியார்ட மகள் எண்டு இரிந்திட்டன். அவள் ஆதம்பாவா சாச்சா கையால குடுத்த பிள்ளையா இரிக்கட்டும். அவன் பிசகினாப் பிசகட்டும்."

மற்றப் பாதியைத் துருவத் தொடங்கினாள். அவள் கோபப்பட்டிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அதற்கு இடம் தராமல், "தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள்.

ஐந்தாம் நாள் ஆதம்பாவாவிடம் நானே போய்ச் சொன்னேன். பரீட்சை தள்ளிப்போகும் என்று நம்பியிருந்த பிள்ளைபோல அவர் முகம் விழுந்தது. பிறகு, "ஆசியா மச்சி சொன்னாச் சரிதான்," என்று இயந்திரத்தில் ஏறினார்.

ஆறாம் நாள் நிக்காஹ். வீட்டு முற்றத்தில் பந்தல். சஹன் சோற்றின் நெய் வாசனை தெருமுனை வரை போயிற்று. ஆறு பேருக்கு ஒரு தட்டு, சுற்றியிருந்து ஒரே தட்டில் கை வைத்துத் தின்பது. பந்திக்கு முன் நிக்காஹ் முடிய வேண்டும். என்னை முன்வரிசையில் இருத்தினார்கள். சாரன் வியாபாரியும் வந்திருந்தார். என்னை அந்த இடத்தில் பார்த்ததும் அவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். பதில் கிடைத்ததும் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவர் என் பக்கம் பார்க்கவில்லை.

ஆதம்பாவா புதுச் சாரன், வெள்ளைச் சேட்டு, தொப்பியோடு வந்து உட்கார்ந்தார். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவியும் நக இடுக்குகளில் கறுப்பு நின்றது. மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். லெவ்வை கண்ணைக் காட்டினார். முதல் இரண்டு சொல் சரியாக வந்தது. மூன்றாவதில் நின்றது. தொடக்கத்திலிருந்து திரும்பவும் தொடங்கினார், திரும்பவும் அதே இடத்தில் நின்றது. வியர்வை கன்னத்தால் வழிந்தது. லெவ்வை அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார். அதற்குள் ஆதம்பாவா வசனத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னார்: "என்ட காக்காட மகள்."

சொல்லிவிட்டுக் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் கையை விடாமல், தலையைக் குனிந்து இருந்தார். சபையில் ஒருவரும் இருமவில்லை. சோற்றைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. திரைக்குப் பின்னால் ஆசியா உம்மா அழுவது கேட்டது. நான் வந்த நாளிலிருந்து அவள் அழுதது அப்போதுதான். லெவ்வை புத்தகத்தை மடியில் வைத்துக் காத்திருந்தார். ஆதம்பாவா எவ்வளவு நேரம் எடுத்தாலும் காத்திருக்க எல்லோரும் ஆயத்தமாக இருந்தார்கள்.

அந்த வசனத்தை மலேசியாவிலிருந்து புறப்படும் முன்பே நான் பாடமாக்கியிருந்தேன். லெவ்வைக்கு அடுத்தபடியாக, அந்தச் சபையில் அதை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லக்கூடியவன் நான்தான். யாருக்கும் அது தேவைப்படவில்லை.